கால்டுவெல் எழுதினார்... ஊர்க்காரர்கள் படித்துவிட்டார்கள்! இடையன்குடி பிஷப்பின் இன்னொரு பாதிக் கதை

மெரினாவில் வாக்கிங் போகிறவர்கள் தினமும் கடந்துபோகும் சிலைகளில் ஒன்று ராபர்ட் கால்டுவெல்லுடையது. 1968-ல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்டது. யார் இவர் என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒற்றை வரி வந்துவிடும்: திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர், 1856. தமிழ் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்கவில்லை, தனிக் குடும்பம் என்று உலகத்துக்கு நிறுவியவர்.

ஆனால் சாத்தான்குளம், நாசரேத், திசையன்விளை பக்கம் போய் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்னொரு கால்டுவெல் வருவார். கோயில் கட்டியவர், தெரு போட்டவர், பள்ளிக்கூடம் வைத்தவர் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, அந்தப் புத்தகம் மட்டும் அவர் எழுதியிருக்கக் கூடாது என்பார்கள்.

அவர்கள் சொல்வது ஒப்பிலக்கணத்தை அல்ல. அதற்கு ஏழு வருஷம் முந்தி, 1849-ல் வெளிவந்த ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகத்தை. ஒரு சமூகத்தைப் பற்றி வெளியாள் ஒருவர் எழுதினால் என்ன ஆகும்? யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களே அதைப் படித்தால் என்ன ஆகும்? இன்றைக்கு சமூகவியல் வகுப்புகளில் பேசப்படும் இந்தக் கேள்விகள், நம்ம தேரிக்காட்டில் 170 வருஷத்துக்கு முன்பே சண்டையாக நடந்து முடிந்தவை.

கிளாடியிலிருந்து இடையன்குடிக்கு

கால்டுவெல் பிறந்தது 1814 மே 7, அயர்லாந்தின் கிளாடி என்ற ஊரில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். பையனுக்குப் பத்து வயதானபோது குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பியது. இளவயதில் ஓவியம் படிக்க டப்ளின் போனார். அதை விட்டுவிட்டு மிஷனரியாகப் போக முடிவெடுத்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கிரேக்கம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை ஊட்டிவிட்டார்.

1838 ஜனவரி 8-ல் சென்னை வந்து இறங்கினார். வந்தது லண்டன் மிஷன் சங்கத்தின் ஆளாக. மூன்று வருஷம் சென்னையில் தமிழ் படித்தார். 1841-ல் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு மாறி, எஸ்.பி.ஜி. என்ற மிஷன் அமைப்பின் கீழ் திருநெல்வேலிக்குப் புறப்பட்டார்.

எப்படி? நடந்தே. தஞ்சாவூர், கோயம்புத்தூர், நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு தெற்கே வந்தார். பல்லக்கில் போக வேண்டிய துரை காலால் நடந்து போவது அன்றைய கணக்குக்கு ரொம்ப விசித்திரம். மக்களை நேரில் பார்க்கணும், அவர்கள் பேசுவதைக் கேட்கணும் என்பது அவர் ஆசை. ஃபீல்டு வொர்க் என்ற வார்த்தை புழக்கத்துக்கு வருவதற்கு முன்னாடியே அதைச் செய்தவர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அந்த வருஷக் கடைசியில் இடையன்குடி வந்து சேர்ந்தார். இன்றைய கணக்கில் சாத்தான்குளம் தூத்துக்குடி மாவட்டம், இடையன்குடி திருநெல்வேலி மாவட்டம். 1986 வரை இரண்டும் ஒரே மாவட்டம்தான். சாத்தான்குளத்தில் பைக் எடுத்தால் திசையன்விளை வழியாக ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியெல்லாம் பனை, உடை மரம், செம்மண்.

ஆற்று நீர் பாயாத பக்கம்

இந்த இடத்தைப் புரிந்துகொள்ளாமல் கதை புரியாது. கொஞ்சம் நிதானிப்போம்.

திருநெல்வேலி என்றதும் நமக்குத் தாமிரபரணி ஞாபகம் வரும். வருஷம் முழுக்கத் தண்ணீர், இரண்டு போகம் நெல், பெரிய கோயில்கள், அக்ரஹாரங்கள், வேளாளர் தெருக்கள். மாவட்டத்தின் செல்வமும் அதிகாரமும் அந்த ஆற்றங்கரை ஓரமாகத்தான் குவிந்திருந்தன. ஆறு எட்டாத தெற்குப் பகுதி வேறு உலகம். சாத்தான்குளம் தேரி, குதிரைமொழித் தேரி என்று காற்று வாரிக் குவித்த செந்நிற மணல் மேடுகள். நெல் விளையாது. விளைவது பனை.

பனை என்றால் சும்மா இல்லை. வெயில் காலத்தில் ஒரு பனையேறி விடியுமுன்னே கிளம்பணும். காலில் தளைநார், இடுப்பில் பெட்டி, பாளையைச் சீவ அரிவாள். முப்பது, நாற்பது மரம். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. இறக்கிய பதநீரை விடிலியில் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கணும். மரத்திலிருந்து தவறி விழுந்து செத்தவர், இடுப்பு முறிந்து கிடந்தவர் இல்லாத ஊர் கிடையாது. இதெல்லாம் ஆறு மாசத்து வேலை. மீதி ஆறு மாசம் கடன்.

அந்த மரம் யாருடையது என்பதுதான் அடுத்த கேள்வி. பல இடங்களில் ஏறுகிறவனுடையது அல்ல. திருச்செந்தூர் சுற்றுவட்டாரத்தில் நாடான்கள் என்று அழைக்கப்பட்ட குடும்பங்கள் நிலமும் மரமும் உடையவை, அவர்கள் ஏறுவதில்லை. ஏறுகிறவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் இல்லை. வெளியே இருந்து பார்த்தால் ஒரே சாதி. உள்ளே போனால் முதலாளியும் கூலியும். இறக்கியதில் ஒரு பங்கு மரத்துக்காரருக்குப் போகணும்.

வெளியிலோ அந்தச் சாதி மொத்தத்துக்கும் கோயில் வாசல் மூடியிருந்தது. ஆற்றங்கரைக் கோயில்களுக்குள் அவர்கள் நுழைய முடியாது. கிறிஸ்தவம் இங்கே வேர் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கால்டுவெல் வருவதற்கு 40 வருஷம் முன்பே, சாத்தான்குளம் பக்கத்துக் காலன்குடியைச் சேர்ந்த சுந்தரானந்தம் டேவிட்டின் முயற்சியில், துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்காக 1799-ல் ஒரு ஊரே உருவாகியிருந்தது. அவர்களுக்கு அதுதான் முதல் ஊர். அதனால் பெயரும் முதலூர்.

அப்படி என்னதான் எழுதினார்?

இடையன்குடியில் ஏழெட்டு வருஷம் வாழ்ந்த பிறகு கால்டுவெல் அந்தச் சின்னப் புத்தகத்தை எழுதினார். தலைப்பு, திருநெல்வேலி சாணார்கள். (அந்தப் பெயர் இன்று இழிசொல். புத்தகத்தின் தலைப்பே அது என்பதால் ஒருமுறை சொல்லவேண்டியிருக்கிறது. இனி நாடார் என்றே சொல்வோம்.) 1849-ல் சென்னையில் அச்சாகி, அடுத்த வருஷம் லண்டனிலும் வந்தது.

இது யாருக்காக எழுதப்பட்டது? இங்கிலாந்தில் மிஷன் வேலைக்கு ஆர்வமும் ஆதரவும் காட்டும் நல்ல மனிதர்களுக்காக. இந்த மக்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள், இவர்களைக் கரையேற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று காட்டணும். இன்றைக்கு ஒரு என்.ஜி.ஓ. வெளிநாட்டு நிதிக்காக எழுதும் ரிப்போர்ட்டைப் படித்தவர்களுக்கு இந்தத் தொனி புதிதாக இருக்காது.

நல்ல பகுதிகளும் இருக்கின்றன, மறுக்க முடியாது. பனையேறியின் வேலையை அவ்வளவு நுணுக்கமாக அதற்கு முன் யாரும் ஆங்கிலத்தில் எழுதியதாகத் தெரியவில்லை. நாடானுக்கும் ஏறுகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பதிவு செய்கிறார். ஊர் தெய்வங்களைப் பற்றி நிறைய எழுதுகிறார். கொடை, சாமியாட்டம், பலி எல்லாம் வருகிறது. அவர் பார்வையில் இதெல்லாம் பேய் வழிபாடு. அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். ஆனால் கூர்மையான கண். இந்தத் தெய்வங்களில் பல, அகாலமாகவும் கொடூரமாகவும் செத்துப்போன மனிதர்கள் என்பதைப் பிடித்துவிடுகிறார். பிற்காலத்தில் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் மக்கள் வரலாறு என்று கொண்டாடியது இதைத்தான்.

அதில் ஒரு சுவாரஸ்யமான சம்பவம் உண்டு. 1809-ல் திருவிதாங்கூர் எல்லைக் கோட்டையைப் பிடிக்கும் சண்டையில் காயம்பட்டு இறந்த போல் என்ற ஆங்கிலேய கேப்டனின் சமாதி ஒன்று மணல் காட்டில் இருந்தது. ஊர்க்காரர்கள் அவருக்கும் படையல் போட்டார்கள். என்ன படையல்? சாராயமும் சுருட்டும். துரைக்குப் பிடித்தது அதுதானே! வெள்ளைக்காரர் இவர்களைக் கவனித்து எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், இவர்களும் வெள்ளைக்காரரைக் கவனித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

பிரச்சினை புத்தகத்தின் தீர்ப்புகளில். இந்தச் சமூகம் புத்தி மந்தமானது, முன்னேறும் ஆசையில்லாதது, நாகரிகப் படிக்கட்டின் கீழே நிற்பது என்ற பொருளில் கால்டுவெல் எழுதினார். இவர்கள் இந்த மண்ணின் ஆதிக்குடிகள் அல்ல, இலங்கையின் வடகரையிலிருந்து குடியேறியவர்களாக இருக்கலாம் என்றும் ஊகித்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். நாற்பது மரம் ஏறி இறங்கினால் எவனுக்கும் மாலையில் புத்தி மந்தமாகத்தான் இருக்கும். வேலை கொடுத்த களைப்பை, மரத்துக்காரர் எடுத்துக்கொண்ட பங்கை, கோயிலும் பள்ளியும் மூடியிருந்ததன் விளைவை, ரத்தத்தில் ஊறிய குணம் மாதிரி எழுதினார். வறுமையை குணமாக மாற்றிப் படிக்கும் இந்தப் பழக்கம் 1849-ஓடு போய்விடவில்லை. டெலிவரி பையன்களைப் பற்றியும் வடக்கிலிருந்து வரும் கட்டடத் தொழிலாளிகளைப் பற்றியும் ஆபீஸ் கேன்டீனில் நாம் பேசுவதைக் கேட்டால் தெரியும். இத்தனைக்கும் கால்டுவெல் வெறுப்போடு எழுதவில்லை. பிறகும் நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மக்களுக்கு நடுவிலேயே இருந்தார். அன்போடு எழுதினார், மேலேயிருந்து எழுதினார்.

படித்துவிட்டார்கள்

கால்டுவெல் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. மிஷன் பள்ளிகள் வேலை செய்துவிட்டன. சாயர்புரத்தில் ஜி.யு.போப் 1840-களில் நடத்திய செமினரி போன்ற இடங்களில் இந்தப் பகுதிப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தார்கள். லண்டன்காரர்களுக்கு எழுதிய புத்தகத்தை இடையன்குடிப் பக்கத்து ஆட்களே படிக்க முடிந்தது.

படித்தவர்களில் முக்கியமானவர் அருமைநாயகம். ஊர் அவரைச் சட்டாம்பிள்ளை என்றது. வகுப்பில் வாத்தியாருக்கு அடுத்து நிற்கும் பையனுக்கு அந்தக் காலப் பெயர் அது. நாசரேத் பகுதியில் மிஷன் ஊழியராக இருந்து, அங்கிருந்த ஐரோப்பிய மிஷனரியோடு மோதி, 1850 வாக்கில் வேலையை இழந்தவர். அப்புறம் கையில் கிடைத்தது கால்டுவெல்லின் புத்தகம்.

அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தேவனுடைய பிள்ளைகள் என்று கேட்டவர். திங்கட்கிழமை அச்சில் தன் சாதியைப் பற்றி இப்படிப் படிக்கிறார். சொந்தக் கண்ணால் தன்னைப் பார்க்க முடியாமல் மற்றவர் கண்ணால் தன்னை அளந்துகொள்ளும் வேதனையைப் பற்றி அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டு பாய்ஸ் 1903-ல் எழுதினார். உலகப் பல்கலைக்கழகங்களில் இன்றும் பாடம். நாசரேத்துக்கு அந்த அனுபவம் அரை நூற்றாண்டு முன்பே வாய்த்துவிட்டது.

சட்டாம்பிள்ளை என்ன செய்தார்? ஒருபக்கம், புத்தகத்தில் இருப்பதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்னொரு பக்கம், 1857-ல் பிரகாசபுரத்தில் தனிச் சபை தொடங்கினார். வெள்ளைக்காரக் காசு வேண்டாம், வெள்ளைக்காரப் பாதிரியும் வேண்டாம். கிறிஸ்தவம் ஐரோப்பாவின் சொத்தில்லை, கிழக்கே பிறந்தது. பிறகு எதற்கு ஐரோப்பியப் பழக்கங்கள் என்பது அவர் வாதம். ஞாயிறுக்குப் பதில் வேதாகமத்தில் உள்ளபடி சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்துக்கொண்டார். தூபம் போன்ற கீழைநாட்டு முறைகளைக் கொண்டுவந்தார். இந்து கிறிஸ்தவ சபை என்றும் ஏக ரட்சகர் சபை என்றும் அதற்குப் பெயர். இந்தியாவில் மிஷனரிகளைச் சாராமல் இந்தியர்களே நடத்திய முதல் சபைகளில் ஒன்று. திருநெல்வேலி மிஷனிலிருந்து கணிசமான பேர் அவரோடு போனார்கள்.

வடக்கே சிப்பாய்க் கலகம் நடந்த அதே வருஷம் இது. நம்ம பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு பாடம் இருக்கிறது, இதற்கு ஒரு பாரா கிடையாது.

1880-களில் எதிர்ப்பு இரண்டாம் சுற்றுக்கு வந்தது. இப்போது எதிரில் நின்றவர்கள் பட்டதாரிகள். சாமுவேல் சற்குணர், கால்டுவெல்லின் பெயரைத் தலைப்பிலேயே போட்டு ஆங்கிலத்தில் மறுப்பு நூல் வெளியிட்டார். நாடார்கள் க்ஷத்திரியர்கள், பாண்டிய மரபினர் என்று வாதாடும் பிரசுரங்கள் வரிசையாக வந்தன. மனுக்கள் சென்னை அரசுக்கும் போயின, லண்டனுக்கும் போயின.

இந்த மறுப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்களைக் கீழே வைக்காதே என்றவர்கள், ஏணியே தப்பு என்று சொல்லவில்லை. எங்கள் படி மேலே என்றார்கள். மேல்சாதிப் பழக்கங்களையும் பூர்வீகக் கதையையும் எடுத்துக்கொண்டு மேலே நகரும் இந்த உத்திக்கு எம்.என்.சீனிவாஸ் 1952-ல் சமஸ்கிருதமயமாக்கம் என்று பெயர் வைத்தார். நாடார் சமூகத்தைப் பற்றி 1969-ல் ராபர்ட் ஹார்ட்கிரேவ் எழுதிய ஆய்வு நூல், அந்த உத்தி எங்கே பலித்தது, எங்கே முட்டி நின்றது என்று விரிவாகக் காட்டுகிறது.

அதே ஆள், வேறு புத்தகம்

இனி நமக்குத் தெரிந்த கால்டுவெல்லுக்கு வருவோம்.

1856-ல் லண்டனில் ஒப்பிலக்கணம் வெளியானது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816-லேயே சென்னையில் எல்லிஸ் சொல்லிவிட்டார். ஆனால் இலக்கணம், ஒலி, சொல் என்று ஒவ்வொன்றாக எடுத்து, திராவிடம் என்ற பெயரும் கொடுத்து, உலக அறிஞர்கள் ஒத்துக்கொள்ளும் அளவுக்கு நிறுவியவர் கால்டுவெல். அடுத்த வருஷம் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. பெரிதாக்கிய இரண்டாம் பதிப்பு 1875-ல் வந்தது.

ஒரே ஆள். ஒரு புத்தகத்தில் ஒரு மக்களின் மொழியை உலக மேடையில் ஏற்றினார்; இன்னொன்றில் அதே மொழி பேசும் மக்களில் ஒரு பகுதியைக் கீழே இறக்கினார். எது உண்மையான கால்டுவெல் என்று கேட்பதில் பெரிய அர்த்தம் இல்லை. இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டவை. இரண்டிலும் இருப்பது ஒரே பழக்கம்: வகைபிரிப்பது. மொழிகளை வகைபிரித்தபோது அது பெரும் அறிவானது. மனிதர்களை அதே மாதிரி வகைபிரித்தபோது காயமானது.

1875 பதிப்பில் பலருக்குத் தெரியாத ஒரு பகுதி இருந்தது. பறையர்கள் திராவிடர்களா என்ற கேள்வியை எடுத்து, பின்னிணைப்பாக ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். அவர்கள் வேறு இனம், தமிழரில் சேர்த்தி இல்லை என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. கால்டுவெல் அதை மறுத்தார். மற்றத் தமிழரைப் போலவே அவர்களும் திராவிடர்களே என்று வாதிட்டார். 1849-ல் எழுதியவரிடமிருந்து இதை எதிர்பார்க்க மாட்டோம், ஆனால் எழுதினார்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். கால்டுவெல் இறந்து 22 வருஷம் கழித்து, 1913-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. பதிப்பித்தவர்கள் வேறு ஆட்கள். பல பக்கங்களை வெட்டிவிட்டார்கள். வெட்டுப்பட்டவற்றில் அந்தக் கட்டுரையும் ஒன்று. பின்னால் வந்த மறுபதிப்புகள் பெரும்பாலும் இந்த வெட்டிய பதிப்பை வைத்தே வந்தன. திராவிடம் என்ற சொல்லை மேடை மேடையாகப் பேசிய நூற்றாண்டு முழுக்க, அந்தச் சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று அதன் ஆசிரியரே சொன்ன பக்கங்கள் நம்மில் பெரும்பாலோர் கைக்குக் கிடைக்கவில்லை. 1875 பதிப்பை முழுசாக 2008-ல் சென்னையில் கவிதாசரண் பதிப்பகம் மறுபடி அச்சிட்டது.

எலைசாவின் கணக்கு

கால்டுவெல் கதையில் வழக்கமாக ஒரு வரியில் முடிந்துவிடுபவர் அவர் மனைவி எலைசா. 1844-ல் கல்யாணம். நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். அங்கேயே வளர்ந்தவர் என்பதால் தமிழ் அவருக்குக் கூடவே வளர்ந்த மொழி.

மால்ட் குடும்பம் இருந்த தென் திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மேலாடை அணிவதே சண்டைக்குரிய விஷயம். 1820-களில் தொடங்கிய கலவரங்களுக்குப் பிறகு 1859 ஜூலையில்தான் மகாராஜாவின் பிரகடனம் அவர்களுக்கு உடலை மூட அனுமதி தந்தது. அதுவும், மேல்சாதிப் பெண்கள் அணிகிற மாதிரி அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. உடம்பின் மேலே துணி எப்படி இருக்கணும் என்பதைக்கூட அரசு சாதி பார்த்துத் தீர்மானித்த காலம்.

அங்கிருந்து வந்த எலைசா இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி வைத்தார். நாகர்கோவிலில் அம்மா மார்த்தா மால்ட் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலை இங்கேயும் கொண்டுவந்தார். ஒரு தலையணை, கொஞ்சம் ஊசி, நூல் சுற்றிய கட்டைகள். உட்கார்ந்த இடத்தில் வேலை. சரக்கு வெள்ளைக்காரத் துரைசானிகளுக்கும் சீமைக்கும் போனது. கூலி நேரே பெண்ணின் கைக்கு வந்தது.

புத்தி மந்தம், முன்னேறும் ஆசையில்லை என்று கணவர் எழுதிய அதே சமூகத்துப் பெண்கள்தான் அந்த நுணுக்க வேலையைச் செய்தார்கள். எலைசா இதைப் பற்றிப் புத்தகம் எழுதவில்லை. எழுதியிருந்தால் 1849 புத்தகத்துக்கு வீட்டுக்குள்ளிருந்தே ஒரு மறுப்பு கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

கோயிலும் பஞ்சமும்

மற்ற வேலைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். இடையன்குடியில் நேர்நேராகத் தெருக்கள் போட்டார். 1847-ல் தொடங்கிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880-ல்தான் முடிந்தது, 33 வருஷம். தமிழ் வேதாகமத் திருத்தக் குழுவில் உட்கார்ந்தார். கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். திருநெல்வேலி மாவட்ட வரலாறு எழுதினார், 1881-ல் அரசு அச்சிட்டது. 1877-ல் பிஷப் ஆனார்.

பிஷப் ஆன வருஷம்தான் தாது வருஷப் பஞ்சம் கோரமாக ஆடியது. மிஷன் நிவாரண வேலையில் இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் திருச்சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்று கேலி செய்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பசியோடு இருப்பவன் சோறு போடுகிறவனை நம்புவதில் என்ன அதிசயம்? அந்த நேரத்தில் வேறு யார் சோறு போட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கேலி முழுசாகும்.

1883-ல் தூத்துக்குடிக்கு மாறினார். கடைசியில் கொடைக்கானல் போய், 1891 ஆகஸ்ட் 28-ல் தன் 77-வது வயதில் இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். 1899-ல் எலைசாவும் இறந்தார்.

அதே 1899-ல் சிவகாசிக் கலவரம். நாடார்கள் கோயிலுக்குள் போகும் உரிமை கேட்டதுதான் அதன் வேர். கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. இவர்கள் யார், எந்தப் படியில் நிற்கிறவர்கள் என்பதே வழக்கின் மையக் கேள்வி. கால்டுவெல் எழுதியதால்தான் இது வந்தது என்று சொல்ல முடியாது. கோயில் வாசல் அவர் பிறப்பதற்கு முன்பே மூடியிருந்தது. ஆனால் ஒரு சமூகத்தைப் பற்றி யாரோ எழுதி வைத்த விவரணை எவ்வளவு தூரம் துரத்தும் என்பது தெரிந்த பிறகு, அவர்கள் வேறு வழியும் தேடினார்கள். 1885-லேயே விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலா. 1910-ல் நாடார் மகாஜன சங்கம். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் அதுதான். அதே 1921 கணக்கெடுப்பில் பழைய பெயரை விட்டு, நாடார் என்று அரசு எழுதத் தொடங்கியது.

இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை 2011-ல் தமிழக அரசு நினைவு இல்லமாக்கியது. போகிறவர்கள் பார்க்கலாம். 1849 புத்தகமும் அழிந்துவிடவில்லை. ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது; அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டே போனில் இறக்கிப் படிக்க முடியும்.